தொட்டிக் குழாயும் பற்றாசும்

(தோட்டக் கிளையின் ஞாயிறு மாலை வகுப்பில் நிகழ்த்திய உரை)



சம்பளப் பேச்சும் வீட்டுப் பிரச்சினையும் அடுத்த கூட்டத்தில் வரும். இன்று ஆயாக் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச உங்கள் முன் நிற்கிறோம். சிரிக்க வேண்டாம். அந்தத் தொட்டியின் குழாய் மூன்று முறை ஒழுகியது. மூன்று முறையும் அதைப் பற்றவைத்தவர்கள் நாம்தாம். மூன்று முறையும் தவறாகவே செய்தோம். அதிலே மூன்றாவது தவறு சின்னத் தவறன்று.

தொட்டி இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். இரும்புத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசியது. கூரையில் விழும் மழைத் தண்ணீர் அதில் சேருகிறது. குழாயோ பித்தளை. ஆக, ஒரு பக்கம் துத்தநாகம், மறுபக்கம் பித்தளை. இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

முதல் முறை ஒழுகியபோது, வானொலிப் பெட்டி பழுது பார்க்கத் தெரிந்த நம் தம்பி ஒருவர் தம்மிடமிருந்த கம்பிச் சாலிடரைக் கொண்டுவந்தார். பித்தளையில் அது அழகாகப் பரவிற்று. தகட்டிலோ, சேம்பிலைமேல் விழுந்த தண்ணீரைப்போல் உருண்டு உருண்டு ஓடிற்று. மேலே பூசி மெழுகி முடித்தார். மறுநாள் காலை ஆயா வந்து, “தம்பி, தொட்டி அழுகிறது” என்றார்.

இரண்டாம் முறை பட்டணத்துக் கடை ஒன்றில் கேட்டோம். கடைக்காரர் ஒரு ஈயக் கட்டியும் ஒரு புட்டித் திராவகமும் கொடுத்தார். திராவகத்தைத் தடவிச் சூடு காட்டினோம். கல்லைப்போல் பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று மாதத்தில் பற்றின் ஓரமெல்லாம் சாம்பலைப்போல் வெள்ளைப் பொடி பூத்தது; அதன் அடியில் தகடு தாள்போல் மெலிந்தது; மறுபடியும் ஒழுகல். அதே ஈயம், அதே திராவகம், முன்னிலும் இரு மடங்கு வைத்து மூன்றாம் முறையும் பற்றவைத்தோம்.

அப்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பெண் ஒருத்தி, நம் பால்வெட்டுத் தோழர் ஒருவரின் மகள், தொழிற்பள்ளியில் படிப்பவள், “மாமா, இந்தக் கட்டியில் காரீயம் எவ்வளவு?” என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கட்டியைத் திருப்பிப் பார்த்தோம். 40/60 என்று போட்டிருந்தது. நூற்றில் அறுபது பங்கு காரீயம். நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் அது மாதக்கணக்காக ஊறிக் கிடந்திருக்கிறது.

அன்றைக்கே குழாயை அடைத்தோம். பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இரத்தம் சோதிக்கச் சொன்னோம். கவலைப்படும்படி இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. அதன் பிறகுதான் இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தோம். கற்றதை இன்று சொல்லுகிறோம்.

பசையன்று, கலப்பு

உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவைக்கும் ஈயத்துக்குப் பற்றாசு என்று பெயர். கடையில் சாலிடர் என்று கேட்டால் தருவார்கள். அதைச் சோற்றுப் பசையைப்போல் எண்ணியதுதான் எங்கள் முதல் தவறு. பசை மேலே ஒட்டும். பற்றாசு அப்படியன்று. அதிலுள்ள வெள்ளீயம் உருகி, செம்பின் மேல்தோலில் சிறிதளவைக் கரைத்துக்கொண்டு, இரண்டுக்கும் பொதுவான புதியதொரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. இரும்போடும் அப்படியே. பிடிப்பெல்லாம் அந்தப் படலத்தில்தான். மேலே கொட்டி வைக்கும் ஈயம் வெறும் பாரம்.

வெள்ளீயம் நமக்குப் புதியதா? கிந்தாப் பள்ளத்தாக்கு உலகத்துக்கே வெள்ளீயம் கொடுத்த இடம். 1985-ல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது அங்கே எத்தனை சுரங்கங்கள் மூடின என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று உலகில் தோண்டி எடுக்கும் வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி, பற்றாசாகத்தான் போகிறது. கைத்தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாவற்றினுள்ளும் அது இருக்கிறது.

அந்தப் படலம் உண்டாகவேண்டுமானால் இரண்டு உலோகங்களும் நேருக்கு நேர் தொடவேண்டும். ஆனால் பெரும்பாலான உலோகங்கள் காற்றுப் பட்டால் மேலே ஒரு களிம்பைப் போர்த்துக்கொள்கின்றன. சூடு காட்டினால் அந்தக் களிம்பு இன்னும் தடிக்கிறது. அதைக் கரைத்து, புதுக் களிம்பு ஏறாமல் காப்பதற்கு ஒரு மருந்து வேண்டும். பட்டறையில் அதற்குப் பிளக்ஸ் என்று பெயர்.

உலோகத்துக்கு உலோகம் களிம்பின் முரண்டு வேறுபடும். செம்பு சாது. ரோசின் என்ற பிசின் போதும். இந்த ரோசின் எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? பைன் மரத்தின் பட்டையைக் கீறி, கீழே கோப்பை கட்டி, வழிகிற பாலைச் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். டர்ப்பன்டைன் எண்ணெய் ஆவியாகப் போனபின் அடியில் நிற்பதுதான் ரோசின். எங்கோ குளிர் நாட்டில் நம்மைப்போலவே ஒருவர் விடியலில் மரத்தடியில் நிற்கிறார் என்று எண்ணிக்கொள்ளலாம்.

பித்தளை செம்பைவிடக் கொஞ்சம் பிடிவாதம். இரும்பும் துத்தநாகத் தகடும் அதைவிட அதிகம். இவற்றுக்குத் துத்தநாகக் குளோரைடு என்ற மருந்து வேண்டும். முற்காலத்தில் உப்புத் திராவகத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, பொங்கி அடங்கும்வரை காத்திருந்து, தாங்களே செய்துகொள்வார்கள். அப்படிப் பொங்கும்போது வெளிவருவது ஐட்ரஜன் வாயு. ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். இப்போது புட்டியில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. வீட்டில் செய்யவேண்டாம்.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு அதுவும் போதாது. அதற்கென்றே கடுமையான அமிலம் சேர்ந்த பிளக்ஸ் உண்டு. பற்றவைத்தபின் நன்றாகக் கழுவாவிட்டால் எவர்சில்வரில் ஊசிக்குத்துப்போல் துளை விழும். அலுமினியம் எல்லாவற்றிலும் மோசம். அந்த உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன்மேல் இருக்கிற களிம்போ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். சுரண்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி போர்த்துக்கொள்கிறது. தனிப் பிளக்சும் துத்தநாகம் கலந்த பற்றாசும் இருந்தால் பிடிக்கவைக்கலாம். ஆயினும் நம் ஈரத்தில் அந்தப் பற்று நெடுநாள் நிற்பதில்லை. அலுமினிய வாளி ஓட்டையானால் அலுமினியத் தரையாணி அடிப்பதே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

(பால் உறையவைக்கும் பார்மிக் அமிலம் கைவசம் இருக்கிறதே, அதைத் தடவலாமா என்று போன வாரம் ஒரு தோழர் கேட்டார். மின்பொருள் செய்யும் பெரிய ஆலைகளில் அதன் ஆவியை மூடிய உலையில் பயன்படுத்துவதுண்டு. நம் கொட்டகையில் அது கண்ணையும் தோலையும் எரிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.)

முரண்டு பிடிப்பவர் பக்கம் முதலில்

இப்போது வேறு வேறு உலோகங்களின் கதைக்கு வருவோம். இரண்டு உலோகங்களைச் சேர்க்கும்போது யாருக்கு ஏற்ற பிளக்சை எடுப்பது?

சம்பந்தம் பேசப் போகிறோம். பெண் வீட்டாருக்குச் சம்மதம். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். நாம் யாரிடம் முதலில் போகிறோம்? பெரியப்பாவிடந்தான். இங்கும் அதுவே. இரண்டில் எது முரண்டோ அதற்கேற்ற பிளக்சைத்தான் எடுக்கவேண்டும். வானொலித் தம்பி பித்தளைக்குப் போதுமான ரோசினை எடுத்தார். துத்தநாகத் தகடு அதை மதிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் சில வேளையில் மற்ற உலோகம் அந்தக் கடுமையைத் தாங்காது. உதாரணமாக, பால்வெட்டுக்குப் போகும்போது நெற்றியில் கட்டும் தலைவிளக்கு. அதன் செம்புக் கம்பி இரும்புத் தகட்டிலிருந்து விட்டுப்போகிறது. தகட்டுக்கு வேண்டியது திராவகம். அதே திராவகம் மெல்லிய கம்பி இழைகளுக்குள் ஏறி, உறைக்குள் ஒளிந்து, ஒரு மாதத்தில் பச்சை பூத்து அறுத்துவிடும். அப்போது என்ன செய்வது? முதலில் இரும்புத் தகட்டைத் தனியே எடுத்து, திராவகம் தடவி, மெல்லியதாக ஈயம் பூசவேண்டும். பிறகு அதைக் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். கம்பி நுனிக்கு ரோசின் வைத்துத் தனியே ஈயம் பூசவேண்டும். இப்போது இரண்டும் ஈய முகத்தோடு நிற்கின்றன. சேர்த்துவைத்து, ரோசினோடு ஒரு தொடு தொட்டால் போதும். வேறு வேறு உலோகமாக இருந்தவை இப்போது ஈயமும் ஈயமும் ஆகிவிட்டன.

நாங்கள் கற்றதில் அதிகம் உதவியது இதுதான். எந்த இரு உலோகமானாலும் முதலில் தனித்தனியே ஈயம் பூசிப் பாருங்கள். ஒன்றில் பூச முடியவில்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு போராடவேண்டியதில்லை.

சூட்டிலும் ஒரு சங்கதி உண்டு. தடித்த பித்தளைக் குழாயும் மெல்லிய தகடும் ஒன்றாக இருந்தால், சூட்டைத் தடித்ததற்கே காட்டவேண்டும். செம்பும் பித்தளையும் சூட்டை இழுத்துப் பரப்பிவிடும். மெல்லியது தானாகச் சூடேறிக்கொள்ளும். ஈயத்தைப் பற்றுக்கோலில் வைத்து உருக்கி ஊற்றாமல், உலோகத்தின்மேல் வைத்து அந்த உலோகத்தின் சூட்டிலேயே உருகவிடவேண்டும். உருகாவிட்டால் உலோகம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

கட்டியின் மேலுள்ள எண்

கிராணித் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாமான் பட்டியலில் கையெழுத்திடுகிறவர்கள் நீங்கள்.

60/40 என்று எழுதியிருந்தால் முதல் எண் வெள்ளீயம், இரண்டாவது காரீயம். எஸ்.என். என்ற எழுத்து வெள்ளீயத்தையும் பி.பி. என்ற எழுத்து காரீயத்தையும் குறிக்கும். வெள்ளீயம் மட்டும் 232 டிகிரி சென்டிகிரேட்டில் உருகும். காரீயம் மட்டும் 327-ல் உருகும். இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகி, சட்டென்று உறையும். காரீயம் கூடக் கூட, உருகியும் உருகாமலும் கூழாக நிற்கும் நேரம் நீளுகிறது. தகரப் பட்டறைக்காரர் இடுக்குகளை நிரப்ப அந்தக் கூழ் நிலையை விரும்புவார்கள். எங்கள் கடைக்காரர் 40/60 கொடுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்; விலையும் குறைவு. அவர்மேல் குற்றமில்லை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

காரீயம் எவ்வளவு குறைவாக உடலில் சேர்ந்தாலும் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. வயிற்றுக்குள் போன காரீயத்தைச் சிறு பிள்ளைகளின் உடல், பெரியவர்களின் உடலைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. காய்ச்சலாய், வாந்தியாய் உடனே காட்டாது. படிப்பு ஏறாத பிள்ளை என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். மழைத் தண்ணீரில் உப்புச்சத்தே இல்லை. லேசான புளிப்பும் உண்டு. அப்படிப்பட்ட தண்ணீர் காரீயத்தைச் சுலபமாகக் கரைக்கிறது. ஆயா நாள் தவறாமல் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தார். காய்ச்சினால் கிருமி சாகும், காரீயம் போகாது.

அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களுக்குக் காரீயப் பற்றாசு வைப்பதை 1986-ல் சட்டமாகத் தடுத்தார்கள். ஐரோப்பிய நாடுகள் 2006-ல் மின்பொருள்களிலும் அதைக் கட்டுப்படுத்தின. அதனால் காரீயமில்லாப் பற்றாசுகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. வெள்ளீயம் 99.3 பங்கும் செம்பு 0.7 பங்கும் கலந்தது ஒன்று. 227 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 96.5 பங்கும் வெள்ளி 3.5 பங்கும் கலந்தது மற்றொன்று, 221 டிகிரி. பழைய ஈயத்தைவிட நாற்பது டிகிரிபோலச் சூடு அதிகம் வேண்டும். பரவுவதும் கொஞ்சம் மெதுவு. பளபளப்புக் குறைந்து மங்கலாக உறையும். அதைக் கண்டு பற்று கெட்டுவிட்டதென்று மறுபடி சுடவேண்டாம். விலை கூடத்தான். ஆனால் ஒரு குழாய் மூட்டுக்குச் செலவாவது விரல் நுனி அளவு. இதில் மிச்சம் பிடிக்க எந்தக் கிராணியும் முன்வரமாட்டார் என்று நம்புகிறோம்.

ஒன்றை மட்டும் பார்த்து வாங்கவேண்டும். வெள்ளீயம் 95, ஆண்டிமணி 5 என்று ஒரு வகை உண்டு. காரீயமில்லாததுதான், செம்புக் குழாய்க்கு நல்லதுதான். துத்தநாகத் தகட்டுக்கு மட்டும் ஆகாது. ஆண்டிமணியும் துத்தநாகமும் சேர்ந்தால் பிஸ்கோத்தைப்போல் நொறுங்கும் படலம் உண்டாகிறது. பித்தளையிலும் துத்தநாகம் கலந்திருப்பதால் அங்கேயும் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பால் வாளிக்குப் பித்தளை ஒட்டுப் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். பற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கூடாது. ரப்பருக்குச் செம்பு பகை. பாலில் துளிச் செம்பு சேர்ந்தாலும் காய்ந்த ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ பித்தளையைத் தின்னும். அப்புறம் பால் தரம் குறைந்ததென்று நம் தலையில்தான் எழுதுவார்கள்.

கழுவாத கை

அந்த வெள்ளைப் பொடியின் சேதி இன்னும் பாக்கி. துத்தநாகக் குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் குணமுடையது. பற்றவைத்து முடிந்ததும் அது காய்ந்துவிட்டதுபோல் தோன்றும். இரவுப் பனியிலும் மழையிலும் மறுபடி ஈரமாகித் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். நாங்கள் துணியால் துடைத்ததோடு சரி. வெந்நீரில் கொஞ்சம் சலவைச் சோடா கரைத்துத் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவியிருக்கவேண்டும்.

மற்றொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றால் அது ஒரு சிறு பேட்டரி. அதிலே ஒன்று கரையும், மற்றது பிழைக்கும். துத்தநாகமும் பித்தளையும் நின்றால் துத்தநாகந்தான் கரையும். அது தீர்ந்தபின் அடியிலுள்ள இரும்பு. எத்தனை நல்ல பற்றாசு வைத்தாலும் இதை அது தடுக்காது. இதை அறிந்த பிறகுதான், அந்தக் குழாயைப் பற்றவைக்கவே கூடாது என்ற முடிவுக்கு வந்தோம். பற்றாசைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இப்படிச் சொல்லுவது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவை சில. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ இருந்த டின்னில், காலியானாலும், நெருப்பும் பற்றுக்கோலும் கிட்டே வரக்கூடாது. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். துத்தநாகத் தகட்டை ஊதுவிளக்கால் பழுக்கச் சுட்டால் வெள்ளைப் புகை எழும். அதை உள்ளிழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். ரோசின் புகையும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. திராவகம் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காரீயப் பற்றாசு தொட்ட கையோடு சோற்றில் கை வைக்காதீர்கள். அந்தக் கட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வீட்டு மின்சாரக் கம்பிகளை மட்டும் தொடவேண்டாம். அதற்கு உரிமம் பெற்றவர் வரவேண்டும்.

தொட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். மெலிந்துபோன பாகத்தை வட்டமாக வெட்டி எடுத்தோம். அதே துத்தநாகத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இரண்டுக்கும் தனித்தனியே ஈயம் பூசி, வெள்ளீயமும் வெள்ளியும் கலந்த பற்றாசால் சேர்த்தோம். பிளக்சும் குடிநீர்க் குழாய்க்கு உரியது என்று புட்டியிலேயே எழுதியிருந்ததைத்தான் வாங்கினோம். அதிக நேரம் சுட்டால் பூச்சுத் துத்தநாகமே ஈயத்தில் கரைந்துவிடுமாகையால் விரைவாக முடித்தோம். கழுவினோம், கழுவினோம், ஆயா போதுமென்று சொல்லும்வரை கழுவினோம்.

குழாயை அந்தத் தகட்டில் துளையிட்டு, இருபுறமும் தடித்த ரப்பர் வளையம் வைத்து, துளையின் ஓரத்தில் பித்தளை படாதபடி ரப்பர் உறையும் போட்டு, மரைகொண்டு இறுக்கினோம். பித்தளையும் துத்தநாகமும் இப்போது ஒன்றையொன்று தொடவில்லை. நடுவே நிற்பது ரப்பர். புது வருஷத்திலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பழைய பித்தளைக் குழாய்களிலும் கொஞ்சம் காரீயம் கலந்திருப்பதுண்டு. ஆகையால் இரவெல்லாம் குழாயில் நின்ற முதல் தண்ணீரை ஆயா ஒரு வாளியில் பிடித்து முற்றம் பெருக்கும்போது தெளித்துவிடுகிறார். பிள்ளைகளுக்கு அதன் பிறகு வருகிற தண்ணீர்தான். காரீயமில்லாக் குழாய் ஒன்று வாங்கக் கிளைக் கணக்கில் பணம் கேட்டிருக்கிறோம். செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது.